டிராஃப்டுக்கு ‘வரைவு’ வேண்டாம்: கார்டு போட்டிகளுக்கான கலைச்சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தின் கடைப் போட்டிகளுக்குப் புதிதாக வருபவர்கள் கையில் கொடுக்க, ஒரே பக்கத்தில் தமிழ்க் குறிப்புத்தாள் ஒன்று தயாராகிறது. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைப்பில் வந்த ஆட்டம். கார்டில் அச்சாகியிருப்பதைத் தொடப் போவதில்லை. மேசையைச் சுற்றி நடக்கும் வேலைக்குத்தான் சொல் வேண்டும். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டது: டிராஃப்ட்.

எந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் ‘வரைவுப் போட்டி’ என்று வருகிறது. மசோதாவுக்கு வரைவு உண்டு. இங்கே யாரும் எதையும் வரையவில்லை.

ஆட்டம் தெரியாத அன்பர்களுக்காக நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்குப் பிரிக்காத பாக்கெட் மூன்று. எல்லாரும் ஒரே நேரத்தில் முதல் பாக்கெட்டைப் பிரித்து, ஒரு கார்டை எடுத்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்து ஆளிடம் தள்ளுவார்கள். மறுபக்கத்து ஆளிடமிருந்து வருவதில் ஒன்றை எடுத்து மறுபடி தள்ள வேண்டும். தீர்ந்ததும் அடுத்த பாக்கெட். 2024 பிப்ரவரியில் அறிமுகமான பிளே பூஸ்டர் வகைப் பாக்கெட்டில் ஆடக்கூடிய கார்டு 14 (அதற்கு முந்தைய டிராஃப்ட் பூஸ்டரில் 15). ஆக மூன்று பாக்கெட் முடிந்ததும் கையில் 42 இருக்கும். அதில் 23-ஐ வைத்துக்கொண்டு, அடிப்படை நிலக் கார்டு 17-ஐச் சேர்த்து, 40-க்கு ஒரு கட்டு. கட்டு 40-க்குக் குறையக் கூடாது. 41, 42 ஆனால் குற்றமில்லை, ஆனால் நல்ல கார்டு கைக்கு வரும் வாய்ப்புத்தான் குறையும்.

என் கையில் உள்ள சொற்கள்: சீட்டெடுப்பு, தெரிவாட்டம், உத்தி பிரிப்பு. எட்டுப் பேர் குழுவுக்குப் ‘பந்தி’ என்று போட்டிருக்கிறேன். 16 பேர் வந்தால் முதல் பந்தி, இரண்டாம் பந்தி. குறிப்புத்தாளின் வரைபடியை இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

* * *

> சீட்டெடுப்பு

இதைக் கடை வாசலில் ஒட்டினால் ‘எத்தனை மாசச் சீட்டு, தள்ளு எவ்வளவு’ என்று கேட்டுக்கொண்டு ஆள் வரும். ‘சீட்டு எடுத்தாச்சு’ என்பதற்கு நம் ஊரில் ஒரே பொருள்தான். அதை விட்டாலும், சீட்டாட்டம் என்றதும் காசு வைத்து ஆடுவதுதான் பெற்றோர் நினைவுக்கு வரும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அனுப்புவார்களா? ‘அட்டை’ என்றால் ரேஷன் கடை வாடை. பிள்ளைகள் சொல்வது கார்டு, அதுவே இருக்கட்டும்.

ஆனால் சீட்டாட்டத்தின் வினைகள் அத்தனையும் நமக்கு வேண்டும்: கலை, வெட்டு, இறக்கு, கவிழ். கட்டு, கை என்ற பெயர்களும். ஐம்பது வருடம் ரம்மி ஆடியவருக்கும் அவர் பேத்திக்கும் பொதுவாக இருக்கிற சொற்கள் இவை. இவற்றுக்குப் புதிதாக எதுவும் ஆக்க வேண்டியதில்லை.

> உத்தி பிரிப்பு

அழகான சொல், இடம்தான் தப்பு. பிள்ளைகள் அணி பிரிக்கும் உத்தியில் இரண்டு பேர் தோளில் கைபோட்டு ஒதுங்கிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். தலைவன் பெயரைக் கேட்பானே தவிர, அந்தப் பெயருக்குள் யார் இருக்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. டிராஃப்டில் 14 கார்டையும் விரித்துப் பார்த்துவிட்டு எடுக்கிறோம். போதாக்குறைக்கு இன்றைய தமிழில் உத்தி என்றாலே வியூகம்தான். ‘உத்தி பிரிப்பில் என்ன உத்தி’ என்று எழுத வேண்டி வரும்.

இன்னொன்று. வரைபடியில் ஐந்து அடிப்படை நிலங்களுக்கும் ஐந்திணைப் பெயர் வைத்திருக்கிறீர்கள். ஆசை புரிகிறது. மலை குறிஞ்சி, காடு முல்லை, சமவெளி மருதம் என்பதுவரை போகலாம். தீவை நெய்தல் என்று இழுத்தாலும், மிஞ்சுவது சதுப்பு நிலம். அதைப் பாலை என்று எப்படிச் சொல்வது? ஒன்று சேறு, மற்றது வறட்சி. சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என்றே போடுங்கள்.

* * *

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன்.

‘தெரிவு’ எங்களுக்குப் பழக்கமான சொல். ஆனால் தெரிவாட்டம் என்ற பெயர் டிராஃப்டை மட்டும் காட்டவில்லை. சீல்ட் போட்டியில் ஆளுக்கு ஆறு பாக்கெட், ஒருவரிடமும் தள்ளுவதில்லை. 84 கார்டைப் பரப்பி வைத்து 23-ஐத் தெரிவு செய்கிறோம். சொல்லப்போனால் அங்கேதான் தெரிவு வேலை கூட.

‘பந்தி’யும் எங்களுக்குச் சரிவராது. இலங்கைத் தமிழில் பந்தி என்றால் நீங்கள் ‘பத்தி’ என்பது. ‘இரண்டாம் பந்தியில் உள்ளவர்கள் எழுந்து வரவும்’ என்று தாளில் இருந்தால் இரண்டாவது பத்தியைத் தேடிப் படிப்போம். ‘வட்டம்’ இரண்டு கரைக்கும் பொது.

வரைபடியில் ஆபத்தான சொல் ஒன்று இருக்கிறது: சிக்னலுக்குச் ‘சைகை’. பாக்கெட் சுற்றும்போது ஒருவரோடொருவர் கதைக்கக் கூடாது, எடுத்ததைக் காட்டக் கூடாது, கண்ணாலோ கையாலோ குறிப்புக் கொடுக்கக் கூடாது. அப்படியிருக்க, ‘பக்கத்தவரின் சைகையைக் கவனியுங்கள்’ என்று தாளே சொன்னால்?

இங்கே சிக்னல் என்பது ஒருவர் எதை எடுக்காமல் விட்டார் என்பதிலிருந்து நாம் ஊகிப்பது. ஐந்தாவதாக வந்த பாக்கெட்டில் 10 கார்டு இருக்கும். முன்னே நான்கு பேர் எடுத்தாயிற்று. அப்படியும் முதலாவதாகவே எடுக்கத்தக்க சிவப்புக் கார்டு ஒன்று கிடக்கிறது என்றால், அந்தப் பக்கத்தில் சிவப்பு நிறக் கார்டு சேர்க்கும் ஆள் இல்லை என்று எண்ண இடமுண்டு. இதற்குத் ‘தடயம்’ என்று எழுதுங்கள். விட்டுப் போன கால்தடம் மாதிரி. ஒரு தடயம் போதாது. ஆறாவது, ஏழாவது பாக்கெட்டிலும் அதே நிறம் பிந்தி வந்தால்தான் நம்பலாம். நீங்கள் விடுகிற தடயமும் கணக்கில் உண்டு. முதல் பாக்கெட்டில் நல்ல பச்சைக் கார்டுகளாய்ப் பக்கத்தவருக்குத் தள்ளிவிட்டால், இரண்டாம் பாக்கெட்டில் திசை மாறி அவரிடமிருந்து உங்களுக்கு வரும்போது பச்சை ஒன்றும் மிஞ்சியிராது.

* * *

இரண்டு மடலும் பார்த்தேன். எல்லாரும் பெயர்ச்சொல்லையே துரத்திக்கொண்டிருக்கிறோம். மேசையில் ஓடுவது வினைச்சொல். ‘நேத்து டிராஃப்ட் பண்ணினோம்’ என்பதை எப்படிச் சொல்வது? ‘தெரிவாட்டம் பண்ணினோம்’ என்றா? ‘பண்ணு’ ஒட்டினால்தான் நடக்கும் என்ற சொல் எதுவானாலும் ‘டிராஃப்ட் பண்ணு’விடம் தோற்கும்.

மூன்று வகைப் போட்டிக்கும் வேறுபாடு ஒன்றுதான்: கட்டு எப்படிச் சேர்ந்தது? குறைந்தது 60 கார்டில் வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்தால் கன்ஸ்ட்ரக்டட். அங்கேயே ஆறு பாக்கெட்டைப் பிரித்துக் கட்டினால் சீல்ட். ஒவ்வொன்றாய் எடுத்துச் சேர்த்தால் டிராஃப்ட். ஆகவே கட்டாட்டம், பிரித்தாட்டம், எடுத்தாட்டம். கொண்டாடு, கொண்டாட்டம் போல எடுத்தாடு, எடுத்தாட்டம். ‘எடுத்தாடினோம்’, ‘எடுத்தாடலாமா’, ‘அவளுக்கு நல்லா எடுத்தாடத் தெரியும்’. வாயில் நிற்கிறது. (முதல் வகையைக் கொண்டுவந்து ஆடுவதால் ‘கொண்டாட்டம்’ என்றே வைக்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.)

இனி வரைபடியில் மேசையையே கவிழ்க்கக்கூடிய வரி:

> முதல் பாக்கெட்டை வலமாகச் சுற்றவும்

விதி என்ன? முதல் பாக்கெட் இடக்கைப் பக்கத்தவருக்கு, இரண்டாவது வலக்கைப் பக்கத்தவருக்கு, மூன்றாவது மறுபடி இடக்கைப் பக்கத்தவருக்கு. வட்டமாக உட்கார்ந்து இடக்கைப் பக்கம் தள்ளினால், மேலிருந்து பார்க்கும்போது பாக்கெட் கடிகார முள் போகும் திசையில் போகும். தமிழில் அது வலஞ்சுழி. கோயிலை வலம் வருவதும் அதே திசைதான். ஆக ‘வலமாக’ என்று எழுதியவர் செய்தது தவறில்லை, படிப்பவரும் தவறில்லை. ஆனால் எட்டுப் பேரில் பாதிப்பேர் கோயிலை நினைத்து இடப்பக்கம் தள்ளுவார்கள், மீதிப்பேர் வலக்கையை நினைத்து வலப்பக்கம் தள்ளுவார்கள். நடுவில் ஒருத்தர் முன்னால் இரண்டு பாக்கெட், எதிரே ஒருத்தர் வெறுங்கையோடு. யார் எதைப் பார்த்தார் என்பது குழம்பிப்போனால் அந்தப் பாக்கெட்டை முழுசாய்ச் சீராக்க வழியில்லை. அதனால் வலம், இடம், சுழி எதுவும் வேண்டாம். ‘இடக்கைப் பக்கம் இருப்பவரிடம் தள்ளு’ என்று மட்டும் எழுதுங்கள். ‘பாஸ்’ என்பதற்கும் ‘தள்ளு’ போதும். ‘கடத்து’ என்றால் கடத்தல், ‘கைமாற்று’ என்றால் கடன்.

அடுத்த வரியாக இதைச் சேர்க்கவும்: எடுக்கும் முன் எண்ணு. மேசையில் இருக்கும் எல்லாப் பாக்கெட்டிலும் அந்த நேரத்தில் ஒரே எண்ணிக்கைதான் இருக்க வேண்டும். எல்லாரிடமும் 11, உங்களிடம் 10 என்றால் யாரோ ஒட்டிக்கொண்ட இரண்டு கார்டை ஒன்றாய் எடுத்துவிட்டார். புதுக் கார்டுகள் ஒட்டத்தான் செய்யும். அப்போதே கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டால் அரை நிமிடத்தில் தீரும். இரண்டு முறை தள்ளிய பிறகு கூப்பிட்டால் தீராது.

எட்டுப் பேர் வட்டத்தில் முதல் பாக்கெட் ஒரு முழுச்சுற்று வந்து உங்களிடம் திரும்பும்போது அதில் 6 கார்டு இருக்கும். ‘வீல்’ என்று சொல்கிறார்களே, அதற்கு ‘மறுவரவு’. முதலில் பார்த்தபோதே எந்தக் கார்டு மறுவரவில் கிடைக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு வைப்பது நல்லது.

மேட்ச், கேம் இரண்டையும் ‘ஆட்டம்’ என்று போட்டிருக்கிறீர்கள். இதனால் முடிவுச் சீட்டில் தப்புத் தப்பாய் எழுதுவார்கள். கேம் என்றால் ஆட்டம், மூன்றில் இரண்டை வெல்லும் மேட்ச் என்றால் ‘மோதல்’ என்று பிரியுங்கள். மோதலை வென்றால் 3 புள்ளி, சமனானால் 1. ஒரு சுற்றுக்கு 50 நிமிடம். மணி அடித்ததும் அப்போது ஆடுபவரின் முறையை (டர்ன்) முடித்து, இருவருக்கும் சேர்த்து மேலும் 5 முறை. 1-1 என்று நின்றுவிட்டால் மோதல் சமன், ஆளுக்கு ஒரு புள்ளி. 2-1 என்று எழுதுவது ஆட்டக் கணக்கு, புள்ளிக் கணக்கல்ல.

ஒரே அளவு வென்றவர்களை அடுத்த சுற்றில் மோதவிடும் சுவிஸ் முறையைச் சுவிஸ் என்றே விடுங்கள். 1895-இல் சூரிச் சதுரங்கப் போட்டியில் வந்த பெயர், சதுரங்கக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘பை’ (bye) என்பதற்கு ‘இணையிலி’ நன்றாக இருக்கிறது. ஒற்றைப்படையில் ஆள் வந்தால் ஒருவர் இணையிலி, ஆடாமலே 2-0 வெற்றி, 3 புள்ளி. எட்டுப் பேருக்கு 3 சுற்று. மோதல் கணக்கில் ஒருவர் 3-0, மூன்று பேர் 2-1 (இரண்டு வெற்றி, ஒரு தோல்வி) என்று முடிவதே வழக்கம். அந்த மூவரில் யார் முன்னே என்பதை எதிராளர்களின் வெற்றி விகிதம் தீர்மானிக்கும். முதல் சுற்றில் தோற்றுவிட்டுப் பின் இரண்டை வென்றவர் பெரும்பாலும் நான்காம் இடத்துக்கே போவார். அவருக்கு இரண்டாம் சுற்றில் வாய்த்தவரும் முதல் சுற்றில் தோற்றவர்தானே. இது பாரபட்சம் இல்லை என்று தாளில் ஒரு வரி போட்டால் கவுண்டரில் சண்டை குறையும்.

* * *

எடுத்தாட்டம், தள்ளு, தடயம், மறுவரவு, மோதல், இணையிலி எல்லாம் ஏற்றுக்கொண்டேன். பந்தி போய் வட்டம் வந்தது, ஐந்திணையும் போயிற்று.

ஸ்லீவுக்கு ‘உறை’ என்று எழுதியிருக்கிறேன். அதனால்தான் பாக்கெட்டைப் பாக்கெட் என்றே விட்டேன். தலையணை உறை போல ஒவ்வொரு கார்டுக்கும் ஒன்று. கார்டு அளவு 63×88 மி.மீ. யூ-கி-ஓ என்ற வேறோர் ஆட்டத்தின் கார்டு அதைவிடச் சின்னது, அதன் உறையில் மேஜிக் கார்டு நுழையாது. ‘40 உறை, கூட மூன்று, ஒரே பெட்டியிலிருந்து’ என்று எழுதியதற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். நடுவில் ஒன்று கிழிந்து வேறு சாயலில் மாற்றினால், பின்பக்கம் பார்த்தே அந்தக் கார்டு இன்னதென்று தெரிந்துவிடும். அது ‘அடையாளப்பட்ட கார்டு’, தண்டனை உண்டு. மினுக்குக் கார்டுக்கும் அதே தொல்லை: காற்றின் ஈரத்தைத் தாள் உறிஞ்சி விரியும், மினுக்குப் படலம் விரியாது, கார்டு வளைந்துவிடும். கட்டில் அது ஒன்று மட்டும் தூக்கி நிற்கும், வெட்டும் கை தானாக அங்கேதான் போகும். நம் ஊர்க் கடலோர நகரங்களில் இது வாரா வாரம் வரும் சங்கதி.

பாக்கி ஒன்றுதான்: மல்லிகன். முதல் கை ஏழும் சரியில்லை என்றால் கட்டில் கலைத்துவிட்டு மறுபடி ஏழு எடுத்து, எத்தனையாவது தடவையோ அத்தனை கார்டைக் கட்டின் அடியில் வைப்பது (2019 முதல் உள்ள விதி). ‘மறுகை’ என்று போட்டிருந்தேன். எழுத்தில் சரி. ஆனால் ‘நான் மறுகை எடுக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொன்னால் எதிராளி நாம் இன்னொரு கையை நீட்டப் போவதாக நினைக்கிறார். ‘புதுக்கை’ என்று மாற்றலாமா? வியாழனுக்குள் சொல்லுங்கள், வெள்ளி மாலை ஆட்டத்துக்குத் தாள் வேண்டும்.