செல்: கலமா, கண்ணறையா, உயிரணுவா? வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள்

மண்டபம், அறிவியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புக்கு ஒரு சுவர்ப்படம் தயாரிக்கிறேன். தலைப்பு 'உயிரின் அடிப்படை அலகு'. வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

பாடநூல் 'செல்' என்கிறது. போர்டில் அதை எழுதியதுமே கடைசி பெஞ்சிலிருந்து "எங்க டீச்சர் போகணும்?" என்று குரல் வருகிறது. போன வருஷம் 'உயிரணு' என்று எழுதிப் பார்த்தேன். குழந்தைப்பேறு விளம்பரங்களைச் சுவரில் படித்துப் பழகிய பையன்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அப்புறம் பாடமே நடக்கவில்லை.

இன்னொன்று. இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி நோட்டில் 'கலம்' என்று எழுதுகிறாள். அவள் அம்மா மன்னாரில் படித்தவர், வீட்டில் அவர்தான் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். சிவப்பு மையில் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. படத்தில் எதைப் போடட்டும்?

ராமநாதபுரம், இயற்பியல் ஆசிரியர்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது டீச்சர்? வருஷா வருஷம் 'மின்கலம்' நடத்துகிறேன், ஒரு பிள்ளையும் சிரித்ததில்லை. அங்கே கலம் என்றால் இங்கேயும் கலம். இலங்கைப் பாடநூலில் கலம், கலச்சுவர், இழையம் என்று எப்போதோ நிலைபெற்றுவிட்டது. 'அணு' எங்களிடமே இருக்கட்டும். ஒரு செல்லுக்குள் கோடி கோடி அணு கிடக்கிறது, அதற்கே அணு என்று பேர் வைத்தால் எப்படி?

தொண்டி, மொழிபெயர்ப்பாளர்

என் ஓட்டு 'கண்ணறை'க்கு. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். தெரிந்தது வரிசை வரிசையாகச் சிற்றறைகள். லத்தீனில் செல்லா என்றால் சிற்றறை. நம் பிள்ளைகளுக்கு வலைக்கண் தெரியும். கண் பெரிய வலை, கண் சின்ன வலை என்று வீட்டில் பேசிக் கேட்டிருப்பார்கள். கண்ணறை என்றால் விளக்கமே வேண்டாம்.

கீழக்கரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

டீச்சரம்மா, அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள்.

முதலில் 'செல்'. மேகத்துக்குச் செல் என்று பேர், கரையானுக்கும் செல் என்று பேர். ஏடு செல்லரித்தது என்கிறோமே, அந்தச் செல். இப்போது கைப்பேசியும் செல். இத்தனை வேலை பார்க்கிற சொல்லின் தலையில் இன்னொரு மூட்டையா?

அடுத்து 'கலம்'. 'கலஞ்செய் கோவே, கலஞ்செய் கோவே' என்று புறநானூற்றில் ஒருத்தி குயவனிடம் கெஞ்சுகிறாளே, எதற்கு? ஈமத்தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்லி. உயிரின் அலகுக்குச் சாவுப் பானையிலிருந்து பேர் எடுப்பதா? போதாதற்கு எங்கள் ஊர் மதரசாப் பிள்ளைகளைக் கேட்டால் கலம் என்றால் பேனா என்பார்கள்.

நான் சொல்வது 'சினை'. இலக்கணத்தில் முதல், சினை என்று பிரித்தாயிற்று. உடம்பு முதல், அதன் உறுப்பு சினை. மடவை மீனை அறுத்தால் மணிமணியாக வருகிறதே, அதுவும் சினைதான். அதில் ஒவ்வொரு மணியும் ஒரு செல் என்று டீச்சரம்மாவே முன்பு எழுதியிருந்தார். செல்லிலிருந்துதான் செல் வரும் என்று 1855இல் விர்ச்சோ சொன்னார். சினைப்பதால் சினை! ஒற்றைச் செல் உயிரியில் முதலும் சினையும் ஒன்றே என்று சூத்திரமே எழுதலாம். சின்னதும் சினையும் ஒரே வேர் என்பது என் துணிபு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

பாம்பன், கடற்பாசி ஆய்வு மாணவர்

ஐயா மன்னிக்கணும். 'சினைமுட்டை' ஏற்கெனவே பாடத்தில் இருக்கிறது. 'சினைமுட்டை ஒரு சினை, விந்தணுவும் ஒரு சினை' என்று எழுதினால் டீச்சருக்குப் பழைய சிரிப்பே தேவலை என்று ஆகிவிடும். ஊரில் சினை மாடு வேறு நிற்கிறது.

கண்ணறையும் சரிவராது அண்ணே. ஹூக் பார்த்தது செத்த தக்கை. உள்ளே இருந்ததெல்லாம் போய்ச் சுவர் மட்டும் மிச்சம். ஆளில்லாத வீட்டைப் பார்த்துவிட்டுக் குடும்பத்துக்குப் பேர் வைத்த கதை அது. விலங்குச் செல்லுக்குச் சுவரே கிடையாது.

நம் கரையில் காலர்ப்பா என்றொரு பாசி வளர்கிறது. அதில் ஒரு வகை பச்சைத் திராட்சை போலக் குலைகுலையாக இருக்கும். நேற்றுக் கடல் உள்வாங்கியிருந்தபோது பாறையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு எடுத்து வந்தேன். படரும் தண்டு, வேர் போல ஒன்று, நிமிர்ந்த குலை எல்லாம் உண்டு. உள்ளே குறுக்குச் சுவர் மட்டும் எங்கேயும் இல்லை. மொத்தமும் ஒரே செல், அதற்குள் எண்ண முடியாத உட்கருக்கள். நறுக்கினால் கொஞ்சம் ஒழுகும், உடனே தானாக அடைத்துக்கொள்ளும்.

கையில் தூக்கிப் பார்க்கிற இதைப் போய் 'அணு' என்பதா? இதில் கண் எது, அறை எது? கலம் எனக்குப் போதும். அந்தச் சொல் அளவு சொல்லவில்லை, உள்ளே சரக்கு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. தோணியும் கலம், கப்பலும் கலம்.

கீழக்கரை

கப்பல் என்றதும் நினைவு வருகிறது. மரக்கலம்தான் மரைக்காயர் ஆயிற்று என்று ஒரு கட்சி, அரபி 'மர்கப்' என்று இன்னொரு கட்சி. நெல் அளவையிலும் கலம் உண்டு, பன்னிரண்டு மரக்கால்...

ராமநாதபுரம்

ஐயா, செல்லை விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டோம். நாளை மறுநாள் வியாழன்.

தொண்டி

கண்ணறையை வாபஸ் வாங்குகிறேன், பாதி மனதோடு. ஆனால் பரீட்சைத்தாள் திருத்துகிறவருக்கு இந்த விவாதம் தெரியாது. 'கலம்' என்று எழுதிய பிள்ளைக்கு மார்க் போனால் நாமா பொறுப்பு?

மண்டபம்

அந்த பயம் எனக்கும் உண்டு. அதனால் பெரிய எழுத்தில் 'செல்', கீழே சின்னதாகக் 'கலம்'. தம்பியின் திராட்சைப் பாசியையும் ஓரத்தில் வரைந்தாயிற்று. முகாம் பிள்ளையிடம் புரூஃபைக் காட்டினேன். "எங்க சொல்லு மட்டும் ஏன் டீச்சர் பொடியா இருக்கு?" என்று கேட்டாள்.

கீழக்கரை

பிள்ளை கேட்டது நியாயம். இரண்டையும் ஒரே அளவில் போடுங்கள். ஆனாலும் என் ஓட்டு சினைக்குத்தான்.

மண்டபம்

அச்சுக்குப் போய்விட்டது ஐயா.