புதுப்பிப்பு: லேடெக்கில் இடம் மாறிய கொம்பு சரியாகிவிட்டது

கொழும்பில் நீர் விநியோகம் பற்றிய என் ஆய்வேட்டில், லுவாலேடெக்கில் (ஆவணங்களை அச்சுக்கோக்கும் லேடெக் மென்பொருளின் ஒரு வகை) ‘வெள்ளவத்தை’ என்ற சொல் உடைகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். வ முன்னால், கொம்பு பின்னால். கடைசி ‘தை’யிலும் அதே கூத்து. அட்டவணை பக்கத்துக்கு வெளியே ஓடுவதையும், படத்தைச் சுட்டும் இடத்தில் பிரிவு எண் வருவதையும் சேர்த்தே கேட்டிருந்தேன். நான் எழுத்துருவைத்தான் சந்தேகித்தேன். மூன்று எழுத்துரு மாற்றிப் பார்த்தும் அசையவில்லை.

எழுத்துரு மேல் பழி போட்டது தவறு. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை இடப்பக்கம் கொண்டுவருவது எழுத்தை வடிவமைக்கும் இயந்திரத்தின் வேலை. எழுத்துருக்களைக் கையாளும் ஃபாண்ட்ஸ்பெக் தொகுப்பில், எழுத்துருவை அழைக்கும் வரியில் ‘ரென்டரர்’ என்பதற்கு ஹார்ஃப்பஸ் (அப்படி ஓர் இயந்திரம்), ‘ஸ்கிரிப்ட்’ என்பதற்குத் தமிழ் என்று கொடுத்தேன். அவ்வளவுதான், வெள்ளவத்தை மீண்டும் வெள்ளவத்தை ஆனது! லேடெக்கின் இன்னொரு வகையான ஸீலேடெக்கில் இந்தத் தொல்லை வராததற்குக் காரணம், அது இயல்பாகவே ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துவதுதான்.

அட்டவணை பக்கத்துக்கு வெளியே ஓடியதற்கு, பல பக்கங்களுக்கு நீளும் அட்டவணைக்கான ‘லாங்டேபிள்’ போதுமாயிருந்தது. ஒன்று: அதை ‘டேபிள்’ சூழலுக்குள் போடக்கூடாது. மற்றொன்று: இரண்டு மூன்று முறை ஓட்டினால்தான் நெடுவரிசை அகலங்கள் நிலைக்கும். முதல் ஓட்டத்தில் கோணலாகத் தெரிந்ததைப் பார்த்து நான் அரை மணி நேரம் வீணாக்கினேன்.

பட எண்ணுக்குப் பதில் பிரிவு எண் வந்ததே, அது என் அவசரம். படத்தைச் சுட்டப் பெயரிடும் ‘லேபிள்’ வரியை, படத் தலைப்பான ‘கேப்ஷன்’ வரிக்கு மேலே எழுதியிருந்தேன். கீழே இறக்கினேன், சரி.

படம் மட்டும் இன்னும் அடுத்த பக்கத்துக்கு நழுவுகிறது. மேற்பார்வையாளர் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.