அவீச்சியின் 'டிம்' ஆல்பம்: பாதியில் நின்ற ப்ராஜெக்ட்டைப் பிறர் எப்படி முடிக்கிறார்கள்?

தாளக்கட்டு கேட்டது:

ஸ்வீடன் மின்னணு இசைக் கலைஞர் அவீச்சி (டிம் பெர்க்லிங்) 2018 ஏப்ரல் 20 அன்று மஸ்கட்டில் இறந்தார். 'டிம்' ஆல்பம் 12 பாடல்களோடு 2019 ஜூன் 6 அன்று வெளிவந்தது. இடையில் 13 மாதத்துக்கு மேல் மற்றவர்கள் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். இரண்டு விஷயம் தெரிய வேண்டும். எது அவர் விட்டுப்போனது, எது பின்னால் சேர்ந்தது என்று கேட்பவர் எதை வைத்துப் பிரிப்பது? அடுத்தது, இறந்துபோன ஒருவரின் எஃப்எல் ஸ்டூடியோ (கணினியில் இசையமைக்கும் மென்பொருள்) கோப்புகள் கைக்கு வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும், எங்கே கெட்டுப்போகும்? பொதுவான அறிவுரை வேண்டாம், வேலை வரிசையாகச் சொல்லுங்கள்.

மெலடிப்பித்தன் பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். டிம் விட்டுப்போனவை பெரும்பாலும் முடியும் தறுவாயில் இருந்த பாடல்கள். கூடவே குறிப்புகள், மின்னஞ்சல்கள், குறுஞ்செய்திகள் இருந்தன. முடித்தவர்களும் புதிதாகக் கூட்டி வந்தவர்கள் இல்லை. கார்ல் ஃபால்க், அல்பின் நெட்லர், கிறிஸ்டோஃபர் ஃபோகல்மார்க், வார்காஸ் அண்ட் லகோலா இரட்டையர் எல்லோரும் அவரோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தவர்கள். இந்த ஆல்பத்தை நான் நம்பிக் கேட்பதற்கு முதல் காரணம் அதுதான்.

பிரித்துக் கேட்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 'ஹார்ட் அபான் மை ஸ்லீவ்' 2013இல் வந்த 'ட்ரூ' ஆல்பத்தின் கடைசியில் குரலே இல்லாமல், வெறும் இசையாக இருக்கிறது. 'டிம்' ஆல்பத்தில் அதே பாட்டு இமாஜின் டிராகன்ஸ் குழுவின் குரலோடு வருகிறது. இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்து அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு ஏற்கெனவே முழுசாக இருந்த பாட்டில் குரல் நுழைந்தால் எந்த வாத்தியம் பின்வாங்குகிறது, எந்த இடம் சுருங்குகிறது என்பது காதுக்கே தெரியும்.

'எஸ்ஓஎஸ்' இதற்கு எதிர்த்திசை. பாட்டு இருந்தது, பாட அலோ பிளாக் பொருத்தமாக இருப்பார் என்று டிம் எழுதிவைத்த குறிப்பும் இருந்தது. அலோ பிளாக் பாடியது டிம் இறந்த பிறகு. ஆகவே குரலின் ஏற்ற இறக்கம், மூச்சு விடும் இடம் இவற்றை டிம்மின் முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. மெட்டையும் கார்ட் வரிசையையும் அவர் பக்கம் வைத்துக் கேட்கலாம். அவருடைய பலமும் அங்கேதான்.

மிக்ஸர்மணி பதில்:

இரண்டாவது கேள்வி. டிம் நெடுங்காலம் பயன்படுத்தியது எஃப்எல் ஸ்டூடியோ என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

கணினியை ஃபார்மட் செய்யக் கூடாது. அப்டேட்டும் கூடாது. ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். எஃப்எல்பி (எஃப்எல் ஸ்டூடியோவின் ப்ராஜெக்ட்) கோப்புக்குள் நோட்டுகள், ஆட்டோமேஷன் (நாப் அளவுகள் தானாக மாறும் பதிவு), பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் வாத்திய, எஃபெக்ட் மென்பொருள்) அமைப்புகள் இருக்கும். கிக் (டிரம்மின் கனத்த அடி), வோக்கல் போன்ற வேவ் ஒலிக் கோப்புகள் அதற்குள் இருக்காது, அவை டிஸ்க்கில் எங்கே இருக்கின்றன என்ற முகவரி மட்டுமே இருக்கும். கோப்பை மட்டும் பென்டிரைவில் வாங்கி வந்து வேறு கணினியில் திறந்தால் பாதிப் பாட்டு மௌனமாக ஓடுவது இதனால்தான். பழைய கணினியிலேயே திறந்து 'ஜிப்டு லூப் பேக்கேஜ்' ஆகச் சேமித்தால் சாம்பிள்களும் (அந்த ஒலித் துண்டுகளும்) கூடவே வரும்.

திறக்கும்போது ஏதாவது பிளகின் இல்லை என்று சொன்னால், சேமிக்காமல் மூடுங்கள். அந்தக் காலி இடத்தோடு சேமித்தால் அவர் திருப்பிவைத்த நாப் அளவுகள் போய்விடும் அபாயம் இருக்கிறது. முதலில் பிளகினை, முடிந்தால் அதே பதிப்பில், நிறுவுங்கள். மேக் என்றால் இன்னொரு சிக்கல்: 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து 32 பிட் பிளகின் எதுவும் ஓடாது. பழைய ப்ராஜெக்ட்டுக்குப் பழைய இயங்குதளமே வேண்டும்.

எல்லாம் ஒலித்த பிறகு, ஒரு நோட்டைக்கூட மாற்றுவதற்கு முன், ஸ்டெம் (ஒவ்வொரு ட்ராக்கும் தனித்தனி ஒலிக் கோப்பு) எடுத்துவிடுங்கள். வேவ், 32 பிட் ஃப்ளோட், 'ஸ்ப்ளிட் மிக்ஸர் ட்ராக்ஸ்' ஆன். இன்சர்ட் எஃபெக்ட் (தனி ட்ராக்கில் போட்டது) ஆன், மாஸ்டர் எஃபெக்ட் (முழுப் பாட்டின் மேல் போட்டது) ஆஃப். பாட்டு முடிந்த பிறகு நீளும் வால் பகுதிக்கு 'லீவ் ரிமெய்ண்டர்', இல்லாவிட்டால் ரிவர்ப் நடுவில் அறுந்துவிடும். இன்சர்ட் எஃபெக்ட்டும் இல்லாமல் இன்னொரு தொகுதி எடுத்துவையுங்கள். ஒவ்வொரு ட்ராக்காக சோலோ போட்டு எடுக்கும் பழக்கம் இங்கே ஆகாது. கிக் ஓடாவிட்டால் சைடுசெயின் (கிக் அடிக்கும்போது மற்ற ஒலிகளை அமுக்கும் அமைப்பு) வேலை செய்யாது, பேடும் (பின்னணியில் நீளும் ஒலி) பேஸும் அமுங்கி எழும் அந்த அசைவே காணாமல் போகும். அவீச்சி மாதிரியான இசையில் பாதி உயிர் அந்த அசைவில் இருக்கிறது.

பிறகு சரிபார்ப்பு. ஸ்டெம்களைக் கூட்டி, மாஸ்டர் எஃபெக்ட் இல்லாமல் எடுத்த முழுப் பாட்டோடு வைத்து, ஒன்றின் பொலாரிட்டியைத் திருப்புங்கள் (அலையை மேல்கீழாக மாற்றுங்கள்), இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். மௌனம் வந்தால் எல்லாம் சரி. சிலெந்த் போன்ற சிந்த்களில் ரீட்ரிக் (ஒவ்வொரு நோட்டுக்கும் அலையை முதலிலிருந்து தொடங்கும் வசதி) ஆஃப் ஆக இருந்தால் ஒலி அலையை உருவாக்கும் ஆசிலேட்டர் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் தொடங்கும், அதனால் கொஞ்சம் மிச்சம் கேட்கும். அது பிழை இல்லை. கிக்கோ குரலோ மிச்சமாகக் கேட்டால்தான் பிழை.

தாளக்கட்டு:

மிக்க நன்றி. அவரே கடைசியாக எடுத்த எம்பி3 டெமோ ஒன்று இருந்தால் அதோடு ஒப்பிடலாமா?

மிக்ஸர்மணி:

கட்டாயம். அவர் காதால் கேட்டு அனுப்பியது அதுதான், அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆனால் எம்பி3 ஆக்கும்போது முன்னால் சிறிது வெற்றிடம் சேரும். எம்பி3 ஆக்கும் லேம் என்கோடர் என்றால், திரும்ப ஒலியாக்கும் டீகோடரோடு சேர்த்து 1,105 சாம்பிள் (இங்கே ஒலியின் ஒரு நுண்ணிய அளவீட்டுப் புள்ளி), 44.1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 25 மில்லிசெகண்ட். அதை நகர்த்தாமல் ஒப்பிட்டால் 'டைமிங் மாறிவிட்டது' என்று தவறாகத் தோன்றும். சத்த அளவையும் சமன்படுத்துங்கள். டெமோவில் லிமிட்டர் (உச்சங்களை அடக்கிச் சத்தத்தைக் கூட்டும் எஃபெக்ட்) போட்டிருந்தால் அது பெரிதாகக் கேட்கும், பெரிதாகக் கேட்பது நன்றாக இருப்பதாக மனம் முடிவு கட்டிவிடும்.

அலைவடிவம் பதில்:

எல்லாக் கலைஞருக்கும் இந்த வழி அப்படியே பொருந்தாது. மின்னணு இசைக் கலைஞர் சோஃபி 2021 ஜனவரி 30 அன்று ஏதென்ஸில் இறந்தார். அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட 16 பாடல் ஆல்பம் 2024 செப்டம்பரில் வந்தது. முடித்தவர் அவருடைய சகோதரர் பென்னி லாங், பல ஆண்டுகள் கூடவே ஸ்டூடியோவில் இருந்தவர். சோஃபி சாம்பிள் எடுத்து ஒட்டுபவர் அல்ல. உலோகம், ரப்பர், குமிழி போன்ற அந்த ஒலிகளை அலைவடிவத்திலிருந்தே செய்தவர், எலக்ட்ரான் மோனோமெஷின் என்ற ஹார்டுவேர் சிந்த் அவருடைய முக்கியக் கருவி. டிம்மிடம் மெட்டு கிடைத்தால் பாட்டின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது. சோஃபியிடம் ஒலியே பாட்டு, இன்னொருவர் ஃபில்டரைச் சற்றே திருப்பினாலும் ஆள் மாறிவிடும். பென்னி லாங் போல ஒருவர் இல்லாமல் அதைத் தொட்டிருக்கவே கூடாது என்பது என் கருத்து.

ஹார்டுவேர் வைத்திருந்தவர் என்றால் வேலை வரிசை மாறும். கருவியின் நினைவகத்தில் உள்ள பேட்டர்ன், கிட் எல்லாவற்றையும் மிடி வழியாக ஸிஸெக்ஸ் டம்ப் (கருவியின் அமைப்புகளை அப்படியே கணினிக்கு அனுப்பும் பிரதி) எடுப்பது முதல் வேலை. அதற்கு முன் யாரும் ஒரு நாப்பைத் தொட்டுச் சேமித்துவிடக் கூடாது.

உரிமைக்குறிப்பு பதில்:

ஒன்று விட்டுப்போனது. பாதிப் பாட்டில் யாருடைய மெட்டு நுழைந்திருக்கிறது என்று முதலிலேயே பாருங்கள். 'எஸ்ஓஎஸ்' பாட்டில் டிஎல்சி குழுவின் 'நோ ஸ்க்ரப்ஸ்' மெட்டின் சாயல் உண்டு, அதனால் அந்தப் பழைய பாட்டை எழுதிய கேண்டி பரஸ், டமேக்கா காட்டில், கெவின் பிரிக்ஸ் மூவரும் எழுதியவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். மெட்டை மட்டும் எடுத்து மறுபடி பாடினால் பாட்டின் உரிமையாளரிடம் அனுமதி போதும். ஒலிப்பதிவையே வெட்டி எடுத்திருந்தால் அந்தப் பதிவின் உரிமையாளரிடமும் வாங்க வேண்டும். இறந்தவரிடம் 'இந்த லூப் எங்கே எடுத்தீர்கள்' என்று கேட்க முடியாது. ஆகவே மூலம் தெரியாத லூப்பை நீக்கி, அதே மெட்டைத் திருப்பி வாசிக்காமல் புதிதாக வேறொன்றை வாசிப்பதே பாதுகாப்பு.

பங்கு விகிதத்தையும் வேலை தொடங்குமுன் வாரிசுகளோடு எழுத்தில் முடித்துவிடுங்கள். 'டிம்' ஆல்பத்தை வெளியிடுவது என்று முடிவெடுத்தது குடும்பம். நிகர வருமானம் டிம் பெர்க்லிங் அறக்கட்டளைக்குப் போகிறது, தற்கொலைத் தடுப்பும் மனநலமும் அதன் முதன்மையான பணிகள். பணம் எங்கே போகும் என்று தெளிவாக இருந்தால் உடன் எழுதியவர்களும் தயங்காமல் கையெழுத்துப் போடுவார்கள்.

மெலடிப்பித்தன்:

குரல் பற்றி ஒன்று சேர்க்கிறேன். டெமோவில் ரிவர்ப் ஏற்றிய குரல் மட்டும் கிடைத்தால் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். எஃப்எல் பதிவுசெய்த மூலக் கோப்புகளைத் தனி ஃபோல்டரில் வைத்திருக்கும், எடிசன் (எஃப்எல்லுக்குள் இருக்கும் ஒலிப்பதிவுக் கருவி) வழியாகப் பிடித்தவை வேறு ஃபோல்டரில் இருக்கும். இரண்டையும் தேதிவாரியாகத் தேடுங்கள். பாட்டின் வேகத்தைப் பிறகு மாற்றியிருந்தால் ப்ராஜெக்ட்டில் கேட்பது இழுக்கப்பட்ட குரலாக இருக்கலாம், மூலத்தில்தான் உண்மையான வேகம் தெரியும். புதிய பாடகர் பாட வந்தால் அந்த மூலத்தை ஹெட்ஃபோனில் போட்டுக் காட்டிவிட்டுப் பாடச் சொல்லுங்கள்.