தேசவழமை: யாழ்ப்பாணத்து வழக்கமா, ஒல்லாந்தரின் கேள்விக்குக் கிடைத்த விடையா?

வடமராட்சியான்:
1707-இல் ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) யாழ்ப்பாணத்துத் திசாவையாக, அதாவது வட்டார ஆட்சி அதிகாரியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த யாழ்ப்பாண வழக்கச் சட்டநூலான தேசவழமையை, அந்நியர் உண்டாக்கிய சட்டம் என்று சிலர் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. முதுசம் (முன்னோர்வழிச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் ஈட்டிய சொத்து) என்ற சொற்கள் ஆங்கிலப் பெயர்ப்பிலும் மாறாமல் நிற்கின்றன. தொகுப்பைத் தமிழில் பெயர்த்து உள்ளூர்த் தலைவர்களான 12 முதலியார்களிடம் காட்டினார்கள். அவர்களும் சரியென்று ஒப்பினார்கள். இதைவிட வலுவான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

தோம்பு வாசகர்:
சொல் பழையது என்பதால் விதியும் பழையதாகிவிடாது, ஐயா. கணவன் கொண்டுவந்த முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் போய்ச் சேர்ந்த முற்கால முறை போர்த்துக்கீசர் காலத்தில் குலைந்து, இப்போது எந்தச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கிறார்கள் என்று முதிய முதலியார்கள் சொன்னதாக அந்நூலின் தொடக்கமே கூறுகிறது. காணி விற்பவர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் அறிவிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்த விதியை எந்தப் பழைய வழக்கத்தில் சேர்ப்பீர்கள்?

வடமராட்சியான்:
நீங்கள் காட்டிய இரண்டு இடங்களும் என் பக்கத்துக்கே துணை நிற்கின்றன. முன்பு இப்படி, இப்போது இப்படி என்று பிரித்து எழுதியவர் எதையும் மறைக்கவில்லை. அந்தக் காலப் படிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பதே வரலாற்று மாணவரின் வேலை. நூல் முழுவதையும் ஆட்சியாளரின் கற்பனை என்று தள்ளினால், நம் முன்னோர் சொத்தைப் பங்கிட ஒரு நெறியும் இல்லாமல் இருந்தார்கள் என்றாகிவிடும்.

நல்லூர் மாணவி:
படிவுகளைப் பிரிக்கலாம், ஆனால் பேசாதவர்களின் குரலை எந்தப் படிவில் தேடுவது? கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகிய சாதியினரை அடிமைகளாக வகுத்து, அவர்கள் எவருக்கு உரியவர்கள் என்று அந்நூல் விரிவாகப் பேசுகிறது. சரிபார்த்த பன்னிருவரும் முதலியார்கள்; அடிமையாக வைக்கப்பட்ட ஒருவரிடமும் ‘இதுதான் உங்கள் வழக்கமா’ என்று கேட்டதாகத் தெரியவில்லை. உடைமையாளர் தம் உரிமையைப் பற்றிச் சொன்னதை ஊரின் வழக்கம் என்று எழுதுவதில்தான் முறையியல் பிழை தொடங்குகிறது, அண்ணா.

தோம்பு வாசகர்:
இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் தேசவழமைக்குச் சட்ட வலு கொடுத்த பிறகு, ‘இப்போது’ என்று ஐசாக்ஸ் எழுதிய சொல் நீதிமன்றங்களில் ‘எப்போதும்’ என்று பொருள்பட்டது. ஆகவே அந்நூலை 1707-ஆம் ஆண்டு வாக்குமூலமாக மட்டும் கொண்டு, காணிப் பதிவேடுகளான தோம்புகளோடும் காணி உறுதிப் பத்திரங்களோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வடமராட்சியான்:
தங்கை சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அடிமைப் பகுதியை இனி ஊர் வழக்கம் என்று எழுத மாட்டேன். ஆனால் தோம்பும் அதே ஆட்சியாளர் வரிக்காக எழுதியதுதானே? நூலை ஐயுறும் அளவுக்கு அதையும் ஐயுற நீங்கள் ஆயத்தமா?

தோம்பு வாசகர்:
ஆயத்தம்தான். வரிக்கு அஞ்சிக் காணியைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்றே தோம்பைப் படிக்கிறேன். அதே ஐயத்தோடு தேசவழமையையும் படியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.