சும்மா பேருக்கு டிரஸ்டியாக இரு என்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

செம்பூர்க்காரன்

வணக்கம். மும்பை செம்பூரில் இருக்கிறேன், வயது 43, தனியார் கம்பெனியில் வேலை. எங்கள் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் இருபது வருடத்துக்கு மேல் நடக்கிறது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மதியச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோய்க் கொடுப்பது, வாரம் ஒருநாள் டாக்டரை வரவழைத்து பி.பி., சுகர் பார்ப்பது, நவம்பர் மாதம் வந்தால் பென்ஷன்காரர்களை உயிர்வாழ் சான்றிதழுக்கு ஆட்டோவில் கூட்டிப்போவது, இப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் டப்பா எடுத்துப்போகிறவர்களில் நானும் ஒருவன், அவ்வளவுதான் என் தொடர்பு.

போன வாரம் இதை ஆரம்பித்த மாமா (82 வயது, ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர்) வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, "நீ டிரஸ்டியா வந்துடுப்பா, சும்மா பேருக்குத்தான், வருஷத்துக்கு ரெண்டு கூட்டம், நாலு கையெழுத்து" என்றார். உண்மையைச் சொன்னால் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் பீரோவில் இருந்து மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து, போன வருடம் ஏப்ரலில் நடந்ததாக எழுதியிருந்த கூட்டத்துக்கு நேராகக் கையெழுத்துக் கேட்டார். அந்தக் கூட்டத்துக்கு நான் போகவே இல்லை, அப்படி ஒன்று நடந்ததா என்பதும் சந்தேகம். பக்கங்களைப் புரட்டினால் மூன்று வருடக் கூட்டங்களும் ஒரே கையெழுத்தில், ஒரே நீல மையில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருக்கின்றன. ஏழு டிரஸ்டிகளில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், ஒருவர் மகளோடு அமெரிக்காவில் இருக்கிறார், ஆனால் காகிதத்தில் ஏழு பேரும் அப்படியே இருக்கிறார்கள். செக் புத்தகத்தில் இன்னொரு டிரஸ்டி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்த வெற்று இலைகள் ஆறேழு இருந்தன.

மாமா திருடர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசியில் கேஸ் சிலிண்டருக்குச் சொந்தப் பென்ஷனில் இருந்து எடுத்துக் கொடுக்கிறவர். ஆனால் இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. ஒரு பாட்டி உயில் எழுதி டிரஸ்டுக்கு விட்டுப்போன சின்ன ஃப்ளாட் ஒன்று இருக்கிறது. அதை விற்று எஃப்டி போடலாம் என்று ஒரு டிரஸ்டி கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அதற்குத்தான் அவசரமாக ஆள் சேர்க்கிறார்களோ?

"கண்ணாடி கொண்டுவரவில்லை மாமா, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த அடுத்த வாரம் இப்போது வந்துவிட்டது. என்ன செய்யட்டும்?

கணக்கப்பிள்ளை, முலுண்ட்

கண்ணாடி நல்ல சாக்கு, இன்னும் ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

ஆடிட்டர் ஆபீஸில் முப்பது வருடம் டிரஸ்ட் ஃபைல்களோடு மல்லுக்கட்டினவன் என்ற முறையில் சொல்கிறேன் தம்பி, அந்த ஏப்ரல் கூட்டத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். மாமா நல்லவரா கெட்டவரா என்பதே இங்கே கேள்வி இல்லை. மகாராஷ்டிராவில் பப்ளிக் டிரஸ்டுகளுக்கு 1950ஆம் வருடச் சட்டம் இருக்கிறது (முன்பு பம்பாய் பப்ளிக் டிரஸ்ட் சட்டம் என்பார்கள், இப்போது பெயரில் மகாராஷ்டிரா). டிரஸ்டி ஒருவர் இறந்தாலும் விலகினாலும் புதிதாக வந்தாலும் 90 நாளுக்குள் சேஞ்ச் ரிப்போர்ட் போட வேண்டும், வர்ளியில் இருக்கும் சேரிட்டி கமிஷனர் ஆபீஸில். அதோடு கூட்ட நோட்டீஸ், தீர்மான நகல், உங்கள் சம்மதக் கடிதம், இறந்தவர்களின் மரணச் சான்றிதழ், அஃபிடவிட் எல்லாம் போகும். ஆக, மாமா கேட்கிற அந்த ஒரு பக்கம் பீரோவிலேயே தூங்கப்போவதில்லை. நடக்காத கூட்டத்தில் நீங்கள் இருந்ததாக ஒரு அரசாங்க ஃபைலில் போய் உட்காரும். நாளைக்கு யாராவது கேட்டால் "மாமா சொன்னார், போட்டேன்" என்பீர்களா?

சரியான வழி கஷ்டமானதும் இல்லை. உயிரோடு இருக்கும் டிரஸ்டிகள் எல்லாருக்கும், அமெரிக்காவில் இருப்பவருக்கும்கூட, ஒழுங்காக நோட்டீஸ் கொடுத்து, இன்றைய தேதியில் ஒரு கூட்டம் போட்டு, இரண்டு பேர் இறந்ததைப் பதிவு செய்து, உங்களைச் சேர்த்து, அன்றே உண்மையான கையெழுத்து. எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பது டிரஸ்ட் பத்திரத்தில் இருக்கும். அந்தப் பத்திரத்தை முதலில் கேட்டு வாங்கி முழுக்கப் படியுங்கள், பாதி டிரஸ்டிகள் அதைக் கண்ணாலேயே பார்த்திருக்க மாட்டார்கள். 90 நாள் தாண்டிப்போனதற்குத் தாமத மன்னிப்பு மனு போடலாம், நடக்கிற காரியம்தான், என்ன, ஆர்டர் வருவதற்குள் சில சமயம் உங்கள் தலைமுடியும் நரைத்துவிடும். பேங்க்காரனும் பெரும்பாலும் ஷெட்யூல் ஒன்று (கமிஷனர் ஆபீஸ் பதிவேட்டில் டிரஸ்டிகளின் பெயர் இருக்கும் பக்கம்) நகலைப் பார்த்துத்தான் கையெழுத்தை மாற்றுவான், அதனால்தான் மாமா அந்த வெற்று செக்குகளோடு காலம் தள்ளுகிறார் என்று நினைக்கிறேன். காரணம் புரிகிறது, ஆனாலும் அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு கையெழுத்து என்ற விதியே ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்க்கட்டும் என்றுதானே?

ஃப்ளாட் விஷயத்தில் கவலை வேண்டாம், ஏழு பேரும் கையெழுத்துப் போட்டாலும் விற்க முடியாது. அதே சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி சேரிட்டி கமிஷனரின் முன் அனுமதி வேண்டும். விற்பது மட்டுமில்லை, கட்டடத்தை மூன்று வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவும் அனுமதி வேண்டும். பாட்டி உயிலில் என்ன எழுதினார் என்பதையும் பாருங்கள். வயதானவர்கள் தங்குவதற்கு என்று எழுதியிருந்தால் எஃப்டி பேச்சு அவ்வளவு எளிதில் எடுபடாது.

கடைசி மூன்று வருட ஆடிட் ரிப்போர்ட்டையும் கேளுங்கள். மார்ச் 31க்குக் கணக்கு முடித்து ஆறு மாதத்துக்குள் ஆடிட் ஆகியிருக்க வேண்டும். 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் பதிவு) இருந்தால் நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலை மே 31க்குள் ஏற்றியாக வேண்டும், தவறினால் ஒரு நாளைக்கு 200 ரூபாய் வீதம் ஏறிக்கொண்டே போகும். ரொக்கமாக 2000க்கு மேல் வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது, அந்தச் சண்டையும் உங்களிடம்தான் வரும்.

தாராவித் தம்பி

அண்ணாச்சி இப்படிப் பயமுறுத்தினால் எவன் வருவான்? வயசான ஆளுக்குச் சோறு போடுகிற இடத்தில் அஃபிடவிட், ஷெட்யூல் என்று பேசினால் இளவட்டம் எல்லாம் "நான் ஞாயித்துக்கிழமை டப்பா மட்டும் தூக்குறேன்"னு ஒதுங்கிவிடும். அந்த மாமாவுக்கு அப்புறம் யார்? அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

மாட்டுங்கா மாமி

தம்பி கேட்பதும் நியாயம், கணக்கப்பிள்ளை சொல்வதும் நியாயம். நான் ஒன்பது வருடமாக ஒரு பகல்நேர முதியோர் மையத்தில் டிரஸ்டியாக இருக்கிறேன், பெயர் வேண்டாம். சேரும்போது எனக்கும் இதையேதான் சொன்னார்கள், "மாமி, நீங்க வந்து உட்கார்ந்தா போதும்."

முதல் இரண்டு வருடம் உட்கார்ந்தேன். கூட்டம் எப்போதும் ஒரு டிரஸ்டி வீட்டு ஹாலில், ஏசி போட்டு, கேசரி, பஜ்ஜியோடு. செலவுக் கணக்கை ஒருவர் வாசிப்பார், நாங்கள் தலையாட்டுவோம். சாப்பாட்டு காண்ட்ராக்ட் ஒரு டிரஸ்டியின் மைத்துனருக்குப் போனதுகூட எங்களுக்குத் தப்பாகத் தெரியவில்லை, நம்ம ஆள்தானே, சுத்தமாகச் செய்வான் என்றோம். டிரஸ்டியோ அவர் சொந்தக்காரரோ டிரஸ்ட் பணத்தில் லாபம் பார்த்தால் வருமான வரிச் சலுகைக்கே ஆபத்து என்பதை ஆடிட்டர் சத்தம் போட்டுச் சொன்ன பிறகுதான் விழித்தோம். அதற்கப்புறம் மூன்று இடத்தில் விலை கேட்டோம், அந்த டிரஸ்டி அந்தப் பேச்சு வரும்போது வெளியே போய் உட்கார்ந்தார். கோபம்தான் அவருக்கு, ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஒருநாள் வேறு வேலையாகப் போனவள் மதியம் பன்னிரண்டரைக்கு மையத்துக்குள் நுழைந்தேன். அன்றைக்குச் சாதம், ராஜ்மா, முள்ளங்கி சாலட். எதிரே உட்கார்ந்திருந்த பாட்டிக்கு மேலே ஒரு பல்லும் இல்லை. ராஜ்மாவை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கி, தோலைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். "ஏன் பாட்டி சொல்லலை?" என்றால், "தர்மச் சோத்துல குத்தம் சொல்லலாமாடி" என்கிறார். இரண்டு வருடம் அந்த ராஜ்மாவின் பில்லுக்குத் தலையாட்டியவள் நான். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் கூட்டத்தை மையத்திலேயே, சாப்பாட்டு நேரத்தில், அதே சாப்பாட்டோடு வைத்தோம். மையத்துக்கு வரும் முதியவர்களில் இரண்டு பேரைக் கூட்டத்தில் உட்காரவைத்தோம், ஓட்டு இல்லை, வாய் உண்டு. ஒரு தாத்தா எழுந்து, கோயிலுக்குக் கூட்டிப்போகிறோம் என்று செடா நகர் முருகன் கோயிலுக்கு வண்டி வைக்கிறீர்களே, 108 படி யார் ஏறுவது, உங்க தாத்தாவா என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை, பாருங்கள்!

ஆகவே செம்பூர்த் தம்பி, பத்திரத்தைப் படியுங்கள், ஆனால் அதற்கு முன்னால் மதியம் ஒரு நாள் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். மாமாவிடம் இன்னொன்றும் கேளுங்கள், சாப்பாடு வாங்குகிறவர்களில் பிள்ளைகளால் அடிபடுகிறவர், வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுக் கைவிடப்பட்டவர் யாராவது இருக்கிறாரா என்று. டப்பா கொண்டுபோகிறவனுக்குத்தான் முதலில் தெரியும். 2007ஆம் வருடப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த வீட்டைத் திரும்பக் கேட்கவும் 23ஆம் பிரிவில் வழி இருக்கிறது. முதல் உதவிக்கு 14567 என்ற எல்டர்லைன் எண்ணை டப்பா மூடியிலேயே ஒட்டிவிட்டோம் நாங்கள்.

நெருல்வாசி

அமெரிக்காவில் இருக்கும் டிரஸ்டி என்று படித்ததும் கை அரித்தது. அவரோ அவர் மகளோ பாசத்தில் டாலர் அனுப்புகிறேன் என்றால், முதலில் என்ன பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியக் குடியுரிமை இருந்தால் பிரச்சினை இல்லை, அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஓசிஐ அட்டைக்காரர் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளிக்காரர்) என்றால் அவர் சட்டப்படி வெளிநாட்டவர், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் பத்து டாலர்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சில் திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். "நம்ம பொண்ணுதானே" என்று சாதாரணக் கணக்கில் வாங்கிவிட்டு முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செம்பூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி போனேன். நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்து முடியாது மாமா, புதிதாக நோட்டீஸ் போட்டால் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்போ இத்தனை வருஷம் நான் பொய்யா எழுதினேன்?" என்றார். அவர் வீட்டு மாமிதான் உள்ளே இருந்து, "ஆமா, எழுதினேள், உட்கார்ந்து எழுதினதை நான்தான் பார்த்தேனே" என்று குரல் கொடுத்தார். அதற்கப்புறம் மாமா சிரித்துவிட்டார்.

வெற்று செக்குகளை என் எதிரிலேயே குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதினார். பத்திரம் கிடைத்தது, நான்கு பேர் வந்தால் கூட்டம் செல்லும், ஊரிலும் சரியாக நான்கு பேர்தான். உயில் நகல் இன்னும் கிடைக்கவில்லை, விற்கலாம் என்ற டிரஸ்டியிடம்தான் இருக்கிறதாம். முப்பத்தாறு என்றதும் மாமாவுக்கு அந்தப் பிரிவு தெரிந்திருந்தது, "அவன் கேக்கமாட்டேங்கிறான்டா, அதான் உன்னைக் கூப்பிட்டேன்" என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கூட்டம் இருபத்தோரு நாள் கழித்து, டப்பா கட்டுகிற சமையல்கூடத்தில், மதியம் பன்னிரண்டு மணிக்கு. மாட்டுங்கா மாமி, உங்கள் யோசனைதான், மாமாவிடம் என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கொத்தவரங்காய் பருப்புசிலி என்று மெனுவில் இருந்தது, பூசணிக்காய்க் கூட்டாக மாற்றச் சொன்னதற்குச் சமையல்கார அக்கா என்னை முறைத்தார்.