டிரிப்பர் விழவில்லை, பிளக் உருகிவிட்டது

மாடிவீட்டுக்காரன்
சிலிண்டர் தீர்ந்த இரவு. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பை கன்வர்ஷன் பிளக் (பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருக உதவுவது) வழியாக மிக்சி போடும் 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகியிருந்தேன். (தப்புதான், திட்டாதீர்கள்.) பால் பொங்கும் நேரத்தில் அழுகிய மீன் நாற்றம் வந்தது. எங்கள் வீட்டில் மீனே சமைப்பதில்லை. குப்பைக் கூடையைக் கிளறினேன், ஃபிரிட்ஜைத் திறந்தேன், கடைசியில்தான் சுவரைப் பார்த்தேன். பிளக்கை இழுத்தால் வரவில்லை. வெல்லப்பாகுபோல் இளகிச் சாக்கெட்டோடு ஒட்டியிருந்தது. பெட்டியில் 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானே விழும் டிரிப்பர்) பிள்ளையார்போல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது ஏன் விழவில்லை?

கொல்லைப்புறம்
ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் விழும் டிரிப்பர்) போட்டிருந்தால் விழுந்திருக்கும். எங்கள் பழைய காயில் (கம்பிச்சுருள்) மின்சார அடுப்பில் அம்மா எவர்சில்வர் கரண்டியைச் சாம்பாரில் விட்டதும் ஷாக் அடித்துக் கை வெட்டி இழுத்தது. கரண்டி பறந்து ஜன்னல் கம்பியில் அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எர்த் ஒயர் பிளக்குக்குள் இணைக்கப்படவே இல்லை. மறுநாளே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வாங்கி மாட்டினோம். எல்லாரும் அதைப் போட்டால் இந்தப் பேச்சே வேண்டாம்.

பழைய ஒயர்மேன்
கொல்லைப்புறம் சொல்வது அவர் வீட்டுக் கதைக்குச் சரி, மாடிவீட்டாருக்குப் பொருந்தாது. ஆர்.சி.சி.பி. பார்ப்பது போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்பதை மட்டும்தான். உருகும் பிளக்கில் கசிவு கிடையாது. எம்.சி.பி.யும் பாவம், 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர், 16-க்கு அது எதற்கு விழ வேண்டும்? தளர்ந்த பித்தளைக் கவ்வியின் சூடு இரண்டுக்குமே தெரியாது.

நான் பார்த்தது வேறு. நான்கு அடுப்பு இண்டக்ஷன், 7.2 கிலோவாட். 20 ஆம்பியர் எம்.சி.பி. தினமும் விழுகிறது என்று யாரோ 32 போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒயரின் பருமன் மட்டும் அதே 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் ஓடும் இடத்து டைல்ஸில் கை வைத்தேன், காய்ச்சல்காரர் நெற்றிபோல் சுட்டது.

ஆகவே கேளுங்கள். எம்.சி.பி. காப்பது அடுப்பை அல்ல, ஒயரை. ஒயரைப் பார்த்துவிட்டுத்தான் எம்.சி.பி. ஒற்றை அடுப்புக்குத் தனி லைன், 2.5 ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியர் பவர் சாக்கெட். 7.2 கிலோவாட் என்றால் 31 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; 6 ஸ்கொயர் எம்.எம். ஒயர், 32 ஆம்பியர் எம்.சி.பி., பிளக் இல்லாமல் நேரடி இணைப்பு. ஆர்.சி.சி.பி. வாங்கும்போது ஏ.சி. வகையை (Type AC) தள்ளிவிட்டு ஏ வகையை (Type A) கேளுங்கள். இண்டக்ஷனின் மின்னணுப் பலகையில் கசிவு வந்தால் ஏ.சி. வகை அதைக் கவனிக்காமல் விட வாய்ப்புண்டு. கன்வர்ஷன் பிளக்கைக் குப்பையில் போடுங்கள். மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், அது உடனே விழ வேண்டும்.

மாடிவீட்டுக்காரன்
நான் கேட்டது ஒரே கேள்வி. பதில் முதல் பத்தியிலேயே கிடைத்துவிட்டது, நன்றி ஐயா. சாக்கெட்டை மாற்றியாயிற்று. ஒட்டிய பிளக்கை மட்டும் இன்னும் தூக்கிப்போட மனம் வரவில்லை.

கொல்லைப்புறம்
ஒயர்மேன் ஐயாவோடு வாதாடத்தான் வந்தேன். அதற்கு முன் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். மாட்டி ஆறு வருடம் ஆகிறது, இதுதான் முதல் தடவை. வீட்டில் மின்சாரம் இருந்தது, ஆனால் ஆர்.சி.சி.பி. விழவில்லை. அம்மா இப்போது அடுப்படியில்தான் நிற்கிறார். மெயினை அணைத்துவிட்டேன். ஐயா, அடுத்து என்ன?