ஒலியைச் செயலிக்குச் செயலி அனுப்புதல்: சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு சொல் வேண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒலியமைப்பாளர் எழுதியது:

குழும அன்பர்களுக்கு வணக்கம். வருகிற சனிக்கிழமை எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் இளையோர் 14 பேருக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தவிருக்கிறேன். கராவோகே நிகழ்ச்சியை மண்டபத்தில் நடத்திக்கொண்டே அதை இணையத்தில் நேரலையாகவும் அனுப்புவது எப்படி என்பதுதான் பாடம். நான்கு பக்கக் கையேட்டை வியாழன் மாலைக்குள் அச்சுக்கடையில் கொடுத்தாக வேண்டும். ஒலிவாங்கி, கலவைப்பலகை (மிக்சர்), இடையகம் (பஃபர்), மாதிரி வீதம் (சாம்பிள் ரேட்) என்று மற்றவை ஒருவாறு அமைந்துவிட்டன. 'ரௌட்டிங்' என்பதற்கும், அதற்குத் துணைநிற்கும் 'விர்ச்சுவல் கேபிள்' என்பதற்கும் என்ன சொல்வது என்பதிலேயே நான்கு நாளாக நின்றுகொண்டிருக்கிறேன்.

சொல்லைத் தேடுமுன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். கணினியில் பாட்டின் இசையை ஓட்டுவது ஒரு செயலி, பாடுபவரின் குரலுக்கு எதிரொலி சேர்ப்பது இன்னொன்று, இரண்டையும் வாங்கி நேரலையாக அனுப்புவது மூன்றாவது. இயல்பாக ஒரு செயலி தன் ஒலியை ஒலிபெருக்கிக்குக் கொடுக்குமே தவிரப் பக்கத்துச் செயலிக்குக் கொடுப்பதில்லை. விண்டோசில் விபி-கேபிள், மேக்கில் பிளாக்ஹோல் போன்ற மென்பொருள்கள், உண்மையில் இல்லாத ஓர் ஒலிக்கருவியை இருப்பதாகக் கணினிக்குக் காட்டுகின்றன. பாட்டுச் செயலிக்கு அது ஒலிபெருக்கியாகத் தெரிகிறது. நேரலைச் செயலிக்கு அதுவே ஒலிவாங்கியாகத் தெரிகிறது. ஒன்று அதில் ஊற்றுகிறது, மற்றது அதிலிருந்து மொண்டுகொள்கிறது. லினக்சில் இயங்கும் ஜாக் இன்னும் வெளிப்படையானது. ஒவ்வொரு செயலியின் வெளிவாயையும் மற்றொன்றின் உள்வாயோடு திரையிலேயே கோடிழுத்து இணைத்துவிடலாம்.

இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்ற தீபாவளி விருந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஒரு மாதம் பழகி வந்து இரண்டு பாடல்கள் பாடினார். நேரலைக்குப் பாட்டிசை போகவில்லை என்பது எனக்குத் திரையில் தெரிந்துவிட்டது. கலவைப்பலகையை விட்டு நகர முடியாத நிலையில், கணினியருகே இருந்த என் தங்கை மகனிடம் 'விர்ச்சுவல் கேபிளைப் போடு' என்றேன். அவன் ஓடிப்போய் வடப் பெட்டியைத் திறந்து, கருப்பும் சிவப்புமாக ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிக் காட்டி, "இதுவா மாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பாடலும் முடிந்துவிட்டன. ஈப்போவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த என் அக்காள் அழைத்து, "இடையில ரொம்ப நேரம் சும்மாவே நிக்கிறாரு தம்பி, வரி மறந்துட்டாரா?" என்று கேட்டார். இடையிசைக்கு அவர் தலையசைத்துக் காத்திருந்தது, இசை போய்ச் சேராதவர்களுக்கு மறதியாகத் தெரிந்திருக்கிறது. பையன்மேல் பிழையில்லை. நான் சொன்ன சொல் அவனுக்கு வேலையைச் சொல்லவில்லை.

இப்போதைக்கு 'ஒலி வழிப்படுத்தல்', 'மெய்நிகர் வடம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டிலும் எனக்கு நிறைவில்லை.

கூலிமிலிருந்து, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

அன்புத் தம்பிக்கு, சொல்லைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. ஈராயிரம் ஆண்டுகளாக நம் வீட்டிலேயே இருக்கிறது. 'ஆறு' என்பதற்கு வழி என்று பொருள். பரிசில் பெற்று வரும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனுக்குப் போக வேண்டிய இடத்தையும் போகும் வழியையும் சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை நீங்கலாக மற்ற நான்கிலும் வழிகாட்டப் பெறுபவர் யார்? பொருநர், பாணர், கூத்தர். எல்லாரும் இசையும் ஆட்டமுமாக வாழ்ந்தவர்கள். யாழோடு வருபவனை 'இந்த வழியே போ, இன்னானிடம் சேர்வாய்' என்று அனுப்புவதும், ஒரு செயலியின் இசையை 'இந்த வழியே போ, இந்தச் செயலியிடம் சேர்வாய்' என்று அனுப்புவதும் ஒரே செயல். ஆகவே 'ஒலி ஆற்றுப்படுத்தல்' என்பதே பொருந்தும்.

இன்னும் ஒன்று. உங்கள் ஊர்ப்பெயரில் உள்ள 'சுங்கை' மலாயில் ஆற்றைக் குறிக்கிறது. நம் மொழியில் ஓடும் நீருக்கும் நடக்கும் வழிக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது தற்செயலன்று என்பது என் நெடுநாள் எண்ணம். நீர் சென்ற தடமே முதல் மனிதனுக்கு வழியாக இருந்திருக்க வேண்டும். 'கால்' என்னும் சொல்லையும் பாருங்கள். வாய்க்காலில் அது நீரோடும் தடம், உடம்பில் அது நடக்கும் உறுப்பு, பழம்பாடல்களில் அது காற்று. ஒலியோ காற்றில்தான் செல்கிறது. தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியில் எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் உற்று, எழுத்தாக வேறுபட்டு வருவதைச் சொல்கிறார். அதுவே ஒலி ஆற்றுப்படுத்தலின் முதல் விளக்கம் என்பேன். அதனால் 'விர்ச்சுவல் கேபிள்' என்பதை 'ஒலிக்கால்' என்று வழங்கலாம். மெய்நிகர் வடம் என்பது ஆங்கிலத்தின் நிழலாக இருக்கிறது.

பீடோரிலிருந்து மேடை ஒலியமைப்பாளர்:

ஆசிரியர் ஐயாவின் மடலை இருமுறை படித்தேன், மகிழ்ந்தேன். ஆனால் ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடையில் கிடைக்கும் சில நொடிகளில் 'ஆற்றுப்படுத்து' என்று எவரும் கூவப் போவதில்லை. மேடையில் நாங்கள் சொல்வது 'லைன் கொடு', 'லைனை மாற்று'. நன்னூலார் குழூஉக்குறியை, அதாவது ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லை, தகுதி வழக்கில் வைத்து ஏற்றுக்கொண்டாரே, அதுபோல் இது எங்கள் குழூஉக்குறி.

நம் பாட்டன்மார் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளை வெள்ளைக்காரன் 'லைன்' என்றான். அவர்கள் மாநாடு கூட்டாமலே அதை 'லயம்' ஆக்கினார்கள். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அது அன்னியச் சொல்லாகத் தோன்றியதுண்டா? ஒலித்துறையில் இருப்பதும் அதே லைன்தான். 'ஒலிலயம்' என்று வைத்துக்கொள்ளலாமே. கராவோகே என்பதே ஜப்பானியரின் 'கரா' என்னும் வெறுமையோடு ஆங்கில ஆர்க்கெஸ்ட்ராவின் முன்பாதியை வெட்டி ஒட்டிய சொல். அவர்கள் வெட்கப்படவில்லை, உலகமே அதைச் சொல்கிறது.

கையேட்டுக்காக ஒரு வேண்டுகோள். சொல் எதுவாக இருந்தாலும், எல்லாச் செயலிகளுக்கும் மாதிரி வீதத்தை, அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்பதை, 48,000 என்றே வைக்கும்படி எழுதுங்கள். ஒன்று 44,100இலும் மற்றொன்று 48,000இலும் நின்றால் வெடிப்பொலி வரக்கூடும், சில அமைப்புகளில் சுருதியே மாறிவிடும். ஒலி சற்றே தங்கிப் போகும் இடையகத்தில் 256 மாதிரி என்றால் சுணக்கம் ஏறத்தாழ 5 மில்லிநொடி. 1,024 என்றால் 21. போக ஒன்று, வர ஒன்று என்று அது இரட்டிக்கும்போது பாடுபவர் தடுமாறுவார். அவர் குரல் அவர் காதுக்குக் கணினி வழியாகச் சுற்றி வராமல் கலவைப்பலகையிலிருந்து நேரே போக வேண்டும்.

கூலிம் ஆசிரியர்:

லகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது. இகரம் சேர்த்து இலயம் என்றே எழுத வேண்டும். அதைவிடப் பெரிய இடர் மேடையில் இருக்கிறது. 'லயம் சரியில்லை' என்று நீங்கள் கணினிக்காரரிடம் சொன்னால், பாடிக்கொண்டிருப்பவர் தாளம் தப்பிவிட்டதாக எண்ணிக் கலங்கிப்போவார்.

கண்டியிலிருந்து ஓர் ஆசிரியை:

ஐயா, தங்கள் சொல் அழகானது. ஆயினும் எங்கள் நாட்டில் 'ஆற்றுப்படுத்தல்' என்றால் மனத்துயரில் உள்ளவருக்கு உளவளத் துணை அளிப்பது என்றே பொருள் நிலைத்துவிட்டது. 'ஒலி ஆற்றுப்படுத்தல்' என்று வாசிக்கும் எங்கள் மாணவர், இசையால் மனத்தைத் தேற்றும் சிகிச்சை என்றே கொள்வர். நீர் ஓடும் தடத்தைப் பேசினீர்கள். மலையகத்தில் ஓடைநீரைக் குடியிருப்புக்குக் கொண்டுவரும் குழாயைப் பீலி என்கிறோம். 'ஒலிப்பீலி' ஆகுமா என்று பாருங்கள்.

சுங்கை சிப்புட் ஒலியமைப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. பீலி என்றதும் எனக்குத் தோட்டம் நினைவுக்கு வந்தது. அம்மா விடியலில் மரத்தின் பட்டையைச் சாய்வாகச் சீவுவார். வெட்டுவாயில் பால் பொட்டுப்பொட்டாகத் துளிர்த்து, பின் கோடாகச் சேர்ந்து, அடியில் செருகிய தகட்டில் இறங்கி, மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டும். தகடு ஒரு விரற்கடை சாய்ந்திருந்தாலும் பால் மங்கைத் தவறவிட்டுப் பட்டையில் வழிந்து வீணாகும். சென்ற தீபாவளிக்கு என் கணினியில் நடந்ததும் அதுவே; பாட்டு ஓடியது, மங்கில் விழவில்லை. ஆனால் என் மாணவர்கள் 14 பேரில் பால் வெட்டைப் பார்த்தவர் இருவர்கூட இருக்கமாட்டார்கள். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, குடும்பங்கள் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்து நெடுநாள் ஆகிறது. அதனால் தோட்டத்து உவமையை நான் வற்புறுத்தவில்லை.

இத்தனை மடல்களையும் படித்தபின் எனக்குத் தெளிவாவது ஒன்று. நாம் எல்லாரும் பெயர்ச்சொல்லைத் தேடுகிறோம். எனக்கு முதலில் வேண்டியது ஏவல் வினை. அன்றைக்கு என் வாயில் ஒரு சரியான வினை இருந்திருந்தால் பையன் பெட்டியைத் திறந்திருக்கமாட்டான், சுட்டியைப் பிடித்திருப்பான். 'போடு' என்றதால்தான் அவன் போடுவதற்கு ஒரு பொருளைத் தேடினான். ஆகவே 'பாய்ச்சு' என்பதை முன்வைக்கிறேன். பாய் என்பது தன்வினை, பாய்ச்சு அதன் பிறவினை. வயலுக்கு நீர் பாய்ச்சுகிறோம், கம்பியில் மின்சாரம் பாய்ச்சுகிறோம். நெல்வயலைக் காணாத பிள்ளைக்கும் அறிவியல் பாடத்தில் பின்னது தெரியும். 'பாட்டை நேரலைக்குப் பாய்ச்சு' என்றால் எதை, எங்கே, என்ன செய்வது என்ற மூன்றும் அந்த மூன்று சொற்களிலேயே வந்துவிடுகின்றன.

வடம் என்னும் உவமை ஓரிடத்தில் தவறவும் செய்கிறது. வடத்துக்கு இரண்டே முனை. இந்த மென்பொருள் கருவியிலோ பல செயலிகள் ஒரே நேரத்தில் ஊற்றலாம், பல செயலிகள் ஒரே நேரத்தில் மொள்ளலாம். பாய்ச்சுதல் இதற்கு இடம்தருகிறது. ஒரு வாய்க்காலிலிருந்து பல பாத்திகளுக்கு நீர் போகும். வகுப்பில் நான் மிகவும் அஞ்சும் பிழையையும் அதே உவமையால் விளக்கலாம். நேரலைச் செயலி தரும் ஒலியை மறுபடியும் அதே வாய்க்காலில் விட்டால், அது சுற்றிச் சுற்றிப் பெருகி, முதலில் எதிரொலியாகி, பிறகு ஊளையாகி, மண்டபத்தையே காதைப் பொத்த வைக்கும். 'எங்கிருந்து எடுத்தாயோ அங்கேயே பாய்ச்சாதே' என்று ஒரு வரியில் எழுதிவிடலாம்.

பீடோர் ஒலியமைப்பாளர்:

பாய்ச்சு என்பது கூவுவதற்கு ஏற்ற சொல், எனக்கு உடன்பாடு. நான் 'லைனைப் பாய்ச்சு' என்றே சொல்வேன், தடுக்காதீர்கள்.

கூலிம் ஆசிரியர்:

பாய்ச்சு என்னும் வினையில் குறை காணவில்லை. ஆனால் பெயராக்கும்போது 'ஒலிப்பாய்ச்சல்' என்று எழுதியிருக்கிறீர்களா, 'ஒலிபாய்ச்சல்' என்று எழுதியிருக்கிறீர்களா? ஒலிபரப்பு, ஒலிபெருக்கி ஆகியவற்றில் வலி மிகாமல் வழங்குகிறோம், நீர்ப்பாய்ச்சலில் மிகுகிறது. இவற்றுள் எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று கையேட்டில் தெளிவாக இருக்க வேண்டும். பாய்ச்சல் என்று தனியே நின்றால் புலிப்பாய்ச்சலும் நினைவுக்கு வரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கண்டி ஆசிரியை:

பெயரைத் தவிர்த்து எங்கும் வினையாகவே எழுதிவிட்டால் இந்தச் சந்திச் சிக்கலே எழாது. 'ஒலியைப் பாய்ச்சும் முறை' என்று தலைப்பிடலாம்.

சுங்கை சிப்புட் ஒலியமைப்பாளர்:

வியாழன் மாலை ஆகிவிட்டது, அச்சுக்கடையில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். கண்டி அம்மையாரின் வழியை ஏற்று, தலைப்பை 'ஒலியைச் செயலிக்குச் செயலி பாய்ச்சும் முறை' என்று வைத்துவிட்டேன். கருவியின் பெயருக்கு 'மெய்நிகர் வடம்' என்பதையே விட்டிருக்கிறேன், வேறு வழியில்லை. மெய்நிகர் என்னும் சொல்லை மாணவர்கள் முன்பே அறிவார்கள், ஒலிக்கால் என்றால் ஒலிபெருக்கியைத் தாங்கும் முக்காலியை நினைப்பார்கள். அதற்குக் கீழே, 'இது கையால் தொடும் வடம் அன்று. பெட்டியில் தேடாதே, திரையில் தேடு' என்று தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன். மாதிரி வீதமும் இடையகமும் பற்றிப் பீடோர் அண்ணன் சொன்னவை மூன்றாம் பக்கத்தில் இருக்கின்றன. தீபாவளியன்று பாடிய பெரியவரைச் சனிக்கிழமை வகுப்புக்கு அழைத்திருக்கிறேன். மாணவர்கள் அவருடைய இரண்டு பாடல்களையும் இசையோடு ஈப்போவுக்கு அனுப்புவதுதான் அன்றைய தேர்வு.

கூலிம் ஆசிரியர்:

சனிக்கிழமைக்கு இது போதும், வகுப்பு நன்றாக நடக்கட்டும். ஆனால் மெய்நிகர் வடத்துக்கு நான் இசையவில்லை என்பதைப் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள் தம்பி. இரு முனையே உடையது வடம் என்று அதன் குறையை நீங்களே எழுதிவிட்டு, அதே சொல்லை அச்சுக்கும் கொடுத்திருக்கிறீர்கள். பல வயலுக்கும் பிரிந்தோடும் கால் இங்கே இருக்கிறது. அடுத்த பதிப்புக்கு முன் இதை மறுபடியும் எடுப்போம்.